டியூபாவுக்கு அடுத்து யார் எழுத வேண்டும்?

கேள்வி இதுதான்: இன்று உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களில் யாரிடம் போய், டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவிக்குப் புதிதாக ஒரு தனிப்படைப்பு எழுதித் தாருங்கள் என்று கேட்கலாம்? புகழ்பெற்ற பத்துப் பேரின் பெயரை எழுதிவிட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் அந்தப் பட்டியலை வைத்து டியூபா வாசிப்பவர் என்ன செய்வார்? ஒருவர் பெயரைச் சொன்னால், அவர் ஏற்கெனவே எழுதியதில் ஓர் இடத்தைக் காட்டி, இந்தக் காது டியூபாவுக்கு வேண்டும் என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிறவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். டியூபா வயதில் சின்னக் கருவி. 1835-இல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் இருவரும் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். மோட்சார்ட், பீத்தோவன் காலமெல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது. வந்த பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் அதன் வேலை. துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி முழுவதற்கும் டியூபாவுக்கு மொத்தம் 14 சுரம். அதுவும் இரண்டாம் பகுதியில் மட்டும். மற்ற நேரமெல்லாம் கருவியை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கலாம். தப்பித்தவறி முன்னால் வர வாய்ப்புக் கிடைத்தாலும் என்ன வேஷம் என்பது முன்கூட்டியே தெரியும். முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சிச் சித்திரங்க'ளை ராவெல் 1922-இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது டியூபாவுக்குக் கிடைத்தது மாட்டு வண்டி. வாக்னரிடம் டிராகன். டியூபாவை உண்மையாகவே நேசித்த ஆலெக் வைல்டர் கூட எஃபி என்ற யானையை வைத்துத்தான் ஒரு முழுத் தொகுப்பு எழுதினார். நல்ல இசைதான். ஆனாலும் யானை.

தனி வாசிப்பு என்று பெரிய பெயர்கள் எழுத ஆரம்பித்தது 1950-களில். வான் வில்லியம்ஸ் தன் 81-ஆம் வயதில் எழுதிய கான்செர்ட்டோவை, அதாவது ஒரு தனிக்கருவி ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பை, 1954-இல் லண்டனில் ஃபிலிப் கேட்டலினே வாசித்தார். அதன் நடுப்பகுதியைச் செல்லோக்காரர்களும் இன்று எடுத்து வாசிக்கிறார்கள். அடுத்த வருஷம் டியூபாவுக்கும் பியானோவுக்கும் ஹிண்டமித்தின் சொனாட்டா. அதற்கப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் ஹார்வி ஃபிலிப்ஸ் என்ற டியூபாக்காரர் தெரிந்த இசையமைப்பாளர்களை எல்லாம் விடாமல் பிடித்து எழுத வைத்தார். வைல்டரின் சொனாட்டா 1959-இலும் பெர்சிகெட்டியின் துணையில்லாத 'செரனேட் எண் 12' 1961-இலும் வந்தது அப்படித்தான். இன்னொரு டியூபாக்காரரான ரோஜர் போபோவுக்காக வில்லியம் கிராஃப்ட் 1966-இல் 'என்கவுன்டர்ஸ் 2' எழுதினார். போலந்து டியூபாக்காரர் பியெர்னிக்குக்காக பெண்டெரெட்ஸ்கி 1980-இல் தனி டியூபாவுக்கு 'கப்ரிச்சியோ' எழுதினார். ஆறு நிமிடம் கூட இருக்காது, ஆனால் உலகத்தில் டியூபா படிக்கிற யாரும் அதைத் தொடாமல் போவதில்லை. குபைதுலினாவின் 'லமெண்டோ', டியூபாவுக்கும் பியானோவுக்கும், 1977. இந்தப் படைப்புகளை எழுதிய ஐந்து பேரும் இன்று இல்லை. கிராஃப்ட் 2022 வரை இருந்தார். குபைதுலினா 2025-இல்தான் போனார். இந்தக் கேள்வி இப்போது அவசரமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, உயிரோடு இருப்பவர்கள் எழுதவே இல்லையா? எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் கான்செர்ட்டோ. எட்வர்ட் கிரெக்சன் 1976-இல், ஜான் வில்லியம்ஸ் 1985-இல், ஃபின்லாந்தின் கலேவி ஆஹோ 2000-01-இல், மிசிசிப்பி ஆற்றை வைத்து மைக்கேல் டாகர்ட்டி 2013-இல், ஜெனிஃபர் ஹிக்டன் 2017-இல். விண்டன் மார்சாலிஸ் எழுதியதை 2021 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவோடு கேரல் ஜான்ட்ஷ் வாசித்தார். இதெல்லாம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இன்னொரு கான்செர்ட்டோ இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

ஏன் என்றால், கான்செர்ட்டோ உயிர் பிழைக்க ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா நிர்வாகம் ஒரு பருவத்துக்கு வைக்கிற தனிக்கலைஞர் இடங்களில் பியானோவும் வயலினும் போக மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். அதனால் பெரும்பாலும் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் சொந்த டியூபாக்காரர் ஒரு வாரக் கடைசியில் வாசிப்பார், கைதட்டல் பலமாக இருக்கும், பிறகு தாள்கள் அலமாரிக்குப் போய்விடும். மற்ற ஊர்களில் அந்தப் படைப்பு வாழ்வது பியானோச் சுருக்கமாகத்தான். அங்கே ஒரு கஷ்டம் இருக்கிறது. டியூபா சத்தம் போடுகிற இடமும் பியானோவின் இடது கை நடமாடுகிற இடமும் ஒன்றே. ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்களும் புல்லாங்குழல்களும் மேலே விலகி நின்று டியூபாவுக்குத் தரையைக் காலி செய்து கொடுக்கும். அதையே பத்து விரலில் அடக்கினால் எல்லாம் அடியில் வந்து குழம்பி, டியூபாவின் கீழ்ச்சுரங்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

துணையில்லாத ஒரு படைப்புக்கு இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது. ஒரு நாற்காலி போதும். மாணவர் தேர்வில் வாசிப்பார், போட்டியில் வாசிப்பார், கச்சேரியில் இரண்டு பெரிய உருப்படிக்கு நடுவே வைப்பார். பெண்டெரெட்ஸ்கியின் அந்தச் சின்னப் படைப்பு, பல கான்செர்ட்டோக்களைவிட அதிகம் பேர் காதில் விழுந்திருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. லூசியானோ பெரியோ தனிக்கருவிகளுக்காக 'செக்குவென்சா' என்று 14 படைப்புகள் எழுதினார். டிராம்போனுக்கு 1966-இல் எழுதினார், டிரம்பெட்டுக்கு 1984-இல் எழுதினார், அக்கார்டியனுக்குக்கூட ஒன்று உண்டு. டியூபாவுக்கு இல்லை. அந்த உயரத்தில் தனிப்படைப்பு இன்னும் ஓரிரண்டு வந்தால் போதும், இந்தக் கருவியின் நிலைமையே மாறிவிடும்.

பெயர்களுக்குப் போகும் முன்னால், எழுதப்போகிறவர் எதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டியூபா என்பது ஒரே அளவில் வருகிற கருவி இல்லை. எஃப், ஈ-ஃபிளாட், சி, பி-ஃபிளாட் என்று நான்கு வகை புழக்கத்தில் இருக்கிறது. எஃப் டியூபாவின் குழாயை நீட்டினால் சுமார் 12 அடி, பி-ஃபிளாட் டியூபா சுமார் 18 அடி. ஒன்றில் சுலபமாக வருவது இன்னொன்றில் முழி பிதுங்கும். மந்தர ஸ்தாயியில் பலமாக ஊதினால் மூச்சு சில விநாடிதான் தாங்கும். பித்தளைக் கருவிகளிலேயே அதிகக் காற்றைக் குடிப்பது இதுதான். மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் ஊதும் வித்தை மேல் ஸ்தாயியில் ஓரளவு ஓடும், கீழே போகப் போகக் கன்னத்தில் அடைத்து வைத்த காற்று போதாது. மிகக் கீழான சுரங்கள் பேச ஆரம்பிக்கச் சற்று நேரமும் எடுக்கும். மணி வாய் மேலே பார்த்து இருப்பதால் சத்தம் கூரையில் பட்டுத்தான் கேட்பவரிடம் வருகிறது.

இன்னொரு பக்கம், இதே கருவி வேகமாக ஓடும், மிக மென்மையாகப் பாடும், நான்கு ஸ்தாயி வரை விரியும். வாசித்துக்கொண்டே தொண்டையாலும் பாடலாம். ச வாசித்துக்கொண்டு அதற்கு மேலே உள்ள ப-வைச் சுத்தமாகப் பாடினால், யாரும் எழுப்பாத இரண்டு சுரங்கள் தாமாக வந்து சேரும்: ஒரு ஸ்தாயி கீழே ஒரு ச, மேலே ஒரு அந்தர காந்தாரம். ஒரே ஆள் ஒரு முழு ஒத்திசைவை எழுப்பிவிடுகிறார். இந்த வித்தையை வெபர் தன் ஹார்ன் கான்செர்ட்டினோவில் 1815-இலேயே பயன்படுத்திவிட்டார். டியூபாவில் இது இன்னும் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் குழாய் பெரிது, மனிதக் குரல் அதற்கு மேலே தாராளமாக உட்காரும். நார்வேயின் ஓய்ஸ்டெய்ன் பாட்ஸ்விக் தானே எழுதி வாசிக்கும் 'ஃப்னுக்' என்ற சின்ன உருப்படியைக் கேட்டால், ஒரு டியூபாவிலிருந்து இத்தனை வருமா என்று தோன்றும்.

என் பட்டியலில் முதல் பெயர் ஹென்றி த்ரெட்கில். ஜாஸ் ஆள் ஆயிற்றே என்று புருவம் உயர்த்துகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 1990-களில் 'வெரி வெரி சர்க்கஸ்' என்று அவர் நடத்திய குழுவில் இரண்டு டியூபா. பிற்பாடு வந்த 'சூயிட்' குழுவில் ஹோசே டாவிலா டியூபாவும் டிராம்போனும் வாசிக்கிறார். 2016-இல் த்ரெட்கிலுக்குப் புலிட்சர் பரிசு வாங்கிக் கொடுத்த படைப்பில் ஒரு பகுதியே டாவிலாவின் அந்த இரண்டு கருவிகளை முன்னால் வைத்து எழுதப்பட்டது. அந்த இசையில் டியூபா தாளத்துக்குத் தூண் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கிடாரும் செல்லோவும் ஒரு வழியில் போக, இது இன்னொரு வழியில் போய், யாரும் எதிர்பாராத இடத்தில் சந்திக்கும். ஒவ்வொருவருக்கும் இன்னின்ன சுர இடைவெளிகள் என்று பிரித்துக் கொடுத்து, அதற்குள் நகரச் சொல்வது அவர் முறை. இந்த முறையில் ஒரே ஒரு டியூபாவுக்கு முழுக்க எழுதப்பட்ட பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய பெரிய இசையமைப்பாளர்களில் டியூபாவோடு முப்பது வருஷத்துக்கு மேல் தினசரிப் பழக்கம் உள்ளவர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. எண்பதைத் தாண்டிவிட்டார். கேட்பதானால் சீக்கிரம் கேட்க வேண்டும்.

அடுத்து மெக்சிகோவின் கப்ரியேலா ஓர்டிஸ். இவருக்கான காரணம் அவர் நாட்டிலேயே இருக்கிறது. சினலோவா மாநிலத்தின் பாண்டா இசையில் டியூபா, அதாவது தோளில் மாட்டிக்கொள்ளும் சூசஃபோன் வகை, அடிச்சுரம் போடுவதோடு நிற்காது. பாட்டின் ஒவ்வொரு இடைவெளியிலும் புகுந்து சரசரவென்று ஓடும், பாடகரோடு வம்புக்கு நிற்கும், கூட்டம் ஆடுவது அதைக் கேட்டுத்தான். இந்த இசையின் மவுசு எந்த அளவுக்கு என்றால், 2011-12 வாக்கில் தெற்கு கலிஃபோர்னியாவின் பள்ளிகளிலிருந்து வரிசையாக டியூபாக்கள் திருடு போயின. பாண்டா குழுக்களில் அதற்கு ஏறிப்போன கிராக்கிதான் காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். உலகத்தில் டியூபாவுக்காகத் திருடன் மெனக்கெட்ட ஒரே காலம் அதுவாகத்தான் இருக்கும். ஓர்டிஸ் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் செல்லோவுக்கும் கான்செர்ட்டோ எழுதியிருக்கிறார். தாளத்தை அவர் கையாளும் விதத்தில் தெருவும் நடனமும் உள்ளே இருக்கும், மேலே ஒட்டவைத்தது போல இருக்காது. மேற்கத்திய செவ்வியல் டியூபாவுக்குக் கிடைக்காமல் போன அந்தத் துடுக்கை அவரால் கொண்டுவர முடியும். எழுதினால் பாண்டாவிலும் வாசிக்கிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

முற்றிலும் வேறு திசையில் ஆஸ்திரியாவின் கெயோர்க் ஃபிரீட்ரிஷ் ஹாஸ். டியூபாவின் வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால் வருவது இயற்கையான மேற்சுர வரிசை, அதாவது ஒரே நீளக் குழாயில் உதட்டை மாற்றி மட்டுமே கிடைக்கும் சுரங்கள். அதில் ஏழாவதும் பதினொன்றாவதும் பியானோவின் எந்தக் கட்டைக்கும் பொருந்தாது. அவற்றைத் தவிர்க்கத்தான் வாசிப்பவர்கள் வருஷக்கணக்கில் வால்வுக்கட்டு மாற்றிப் பழகுகிறார்கள். ஹாஸுக்கோ வேண்டியதே அந்தப் பொருந்தாத சுரங்கள். 2000-இல் அவர் 24 கருவிகளுக்கு எழுதிய 'இன் வெய்ன்', பியானோவின் சம இடைவெளிச் சுருதியும் இயற்கைச் சுருதியும் மோதிக்கொள்வதைத்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்க வைக்கிறது, சில இடங்களில் அரங்கமே இருட்டு. ஒவ்வொரு வால்வுக்கட்டும் குழாயின் நீளத்தை மாற்றி, வேறொரு மேற்சுர வரிசையைத் திறக்கிறது. ஐந்தாறு வால்வு உள்ள ஒரு டியூபாவில் இப்படி எத்தனை வரிசை கிடைக்கும் என்று கணக்குப் போட்டால், ஒரு தனிக்கருவியே நுண்சுருதிகளின், அதாவது அரைச் சுரத்தைவிடச் சிறிய இடைவெளிகளின், களஞ்சியம் ஆகிவிடுகிறது. பெர்லினில் வேலை செய்யும் ராபின் ஹேவர்ட் இதற்காகவே 2009-இல் நுண்சுருதி டியூபா ஒன்றை உருவாக்கினார். கருவி தயார், வாசிப்பவர் தயார். ஹாஸ் உட்கார்ந்து எழுத வேண்டியதுதான் பாக்கி. இது எல்லோரும் வாசிக்கக்கூடிய படைப்பாக இருக்காது என்பதும் உண்மைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்னா தோர்வால்ட்ஸ்தொத்திர் பெயரைப் பலரும் சொல்வார்கள். ஐஸ்லாந்துக்காரர். 2022-இல் லண்டன் புரோம்ஸ் இசை விழாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட 'ஆர்க்கோரா' போன்ற ஆர்க்கெஸ்ட்ராப் படைப்புகளில் அடியில் ஓர் ஆதார சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் மேல் சத்தங்கள் முளைக்கும், உதிரும். டியூபாவுக்குப் பொருத்தம் என்று உடனே தோன்றும். ஆனால் நான் அவரைச் சொல்வதற்குக் காரணம் அந்தப் பொருத்தம் இல்லை, அதில் இருக்கிற முரண்பாடு. அவர் இசைக்கு நின்று நிலைக்கும் சுரம் வேண்டும். டியூபா தனியாக இருக்கும்போது அதைக் கொடுக்க முடியாது. சில விநாடிக்கு ஒரு முறை மூச்சு வாங்கியே ஆக வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்வார். இங்கே அது நடக்காது. அப்படியானால் மூச்சு வாங்கும் ஓசையே படைப்பின் பகுதியாக வேண்டும். குழாய்க்குள் வெறும் காற்று போகும் சத்தம் சுரமாக மாறும் அந்த விளிம்பு முக்கியமாகிவிடும். பழகிய கருவியில் பழகிய வேலையைச் செய்யும்போது கிடைக்காத ஒன்று அந்த நெருக்கடியில் கிடைக்கலாம். மின்னணு ஒலியை வைத்துச் சமாளித்துவிடக் கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை போடலாம்.

கரோலைன் ஷா. 2013-இல் புலிட்சர் வாங்கியபோது முப்பது வயது; எட்டுக் குரல்களுக்கு எழுதிய 'பார்ட்டிட்டா'வுக்காக. பேச்சு, முணுமுணுப்பு, பெருமூச்சு, தொண்டைப் பாட்டு என்று குரல் செய்யக்கூடிய எல்லாமே அதில் இருக்கிறது, எதுவும் வித்தை காட்டுவதற்காக இருக்காது. மேலே சொன்ன, வாசித்துக்கொண்டே பாடும் முறையை டியூபாக்காரர்கள் இன்னும் பெரும்பாலும் ஒரு சாகசமாகத்தான் செய்கிறார்கள். அதைப் பாட்டாக ஆக்குவதற்குக் குரலை உள்ளிருந்து அறிந்தவர் வேண்டும். ஷா தானே பாடுகிறவர். ஒரு நடைமுறை விஷயம்: பாடும் சுரங்களை ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் மாற்றிக்கொள்ள இடம் வைத்து எழுத வேண்டும். பழைய படைப்புகள் பல, வாசிப்பவர் ஆண்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

ஸ்டீவ் ரைஷ் பற்றி ஓர் ஆசை. அவருடைய 'கவுன்டர்பாயின்ட்' வரிசையில் ஒரு கலைஞர், அதே கருவியில் முன்பே பதிவு செய்த பல குரல்களோடு சேர்ந்து நேரில் வாசிப்பார். புல்லாங்குழலுக்கு 1982, கிளாரினெட்டுக்கு 1985, எலெக்ட்ரிக் கிடாருக்கு 1987, செல்லோவுக்கு 2003. டியூபாவுக்கு ஒன்று வந்தால் ஒரே நாளில் நூறு பேர் வாங்குவார்கள். எழுதுவதில் சிக்கல் உண்டு: கீழ் ஸ்தாயியில் எட்டு டியூபா ஒரே நேரத்தில் நகர்ந்தால் எது எது என்று காது பிரிக்காது. ஆறேழு குரலை எஃப் டியூபாவின் மேல் பகுதியில் வைத்து, ஒன்றிரண்டை மட்டும் அடியில் விட வேண்டியிருக்கும். செல்லோவில் இதே கணக்கை அவர் போட்டுவிட்டார். தொண்ணூறைத் தொடும் வயதில் கேட்பது நியாயமா என்றால், வான் வில்லியம்ஸையும் எண்பதுக்கு மேல்தான் எழுத வைத்தார்கள்.

கொரியாவின் உன்சுக் சின் வேண்டும், நகைச்சுவைக்காக. டியூபா என்றாலே சிரிப்பு என்ற பழி இருப்பதால், தன்மானமுள்ள டியூபாக்காரர்கள் நகைச்சுவையையே ஒதுக்கி, எப்போதும் சோகமாகவும் கம்பீரமாகவும் வாசிக்கப் பார்க்கிறார்கள். அது இன்னொரு சிறை. சின்னின் தெருக்கூத்துக் காட்சிகளான 'குகலோன்' கேட்டால் தெரியும்: சிரிப்பு வருகிறது, ஆனால் கருவியைப் பார்த்து வருவதில்லை, இசை போகிற போக்கைக் கேட்டு வருகிறது. சீனத்து வாய் ஆர்கனான ஷெங்குக்கு 2009-இல் அதன் கலைஞர் வூ வேயை மனதில் வைத்து அவர் எழுதிய கான்செர்ட்டோ, ஒரு புதுக்கருவிக்குள் அவர் எவ்வளவு ஆழம் போவார் என்பதற்கும் சாட்சி.

யோர்க் விட்மன் பற்றி ஒரு வரி போதும்: தானே கிளாரினெட் மேதை, மூச்சின் கணக்கு உடம்பிலேயே இருக்கிறது, 1993-இல் தன் கருவிக்கு எழுதிய துணையில்லாத 'ஃபான்டசி' இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லைசா லிம், இரட்டை மணி வாய் கொண்ட யூஃபோனியத்துக்கு ஏற்கெனவே தனியாக எழுதியிருக்கிறார். டியூபா அதற்கு அண்ணன்தான்.

தமிழில் எழுதிவிட்டு இளையராஜா பெயரை விட்டால் எப்படி என்று கேட்பீர்கள். பாசத்துக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன். அவர் பாட்டுகளில் பேஸ் கிடாரை மட்டும் பிரித்துக் கேட்டால், அது தனியாகவே ஒரு மெட்டு. மேலே பாடகர் ஒன்று பாட, கீழே இது வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும். அடிக்குரலை மெட்டாக நினைக்கிற அந்தப் பழக்கம் டியூபாவுக்கு எழுதுகிறவருக்கு முதல் தகுதி. 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய சிம்பொனியை வாசித்தது. மேற்கத்திய எழுத்துமுறையில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டியூபாவுக்கும் பியானோவுக்கும் சின்னச் சின்னதாக ஐந்து துண்டுகள், பியானோ இடது கை அதிகம் கீழே இறங்காமல். அவ்வளவு போதும்.

யாரைக் கேட்க வேண்டாம்? சினிமா இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர் பெயர் கட்டாயம் வரும், அந்தப் பித்தளை முழக்கத்துக்காக. அந்தச் சத்தம் பல கருவிகள் சேர்ந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் அடுக்கி உண்டாக்கிய மலை. ஒற்றை டியூபா மேடையில் அமர்வது அதற்கு நேர் எதிரான நிலைமை. ஜான் வில்லியம்ஸ், ஹிக்டன், மார்சாலிஸ் எல்லாம் தங்கள் கடனைத் தீர்த்துவிட்டார்கள், மறுபடி போய்க் கதவைத் தட்ட அவசரம் இல்லை. ஜெர்மனியின் லாஹென்மன் 1980-களின் தொடக்கத்திலேயே 'ஹார்மோனிகா'வில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு டியூபாவை நிறுத்தி, அதிலிருந்து எழுப்ப முடிந்த ஓசைகளை எல்லாம் எழுப்பிப் பார்த்துவிட்டார். அதைத் திரும்ப வாசிக்க வைப்பதே இப்போது தேவை.

இன்னொரு யோசனையும் அடிக்கடி வரும்: டியூபா வாசிப்பவர்களே எழுதட்டுமே. எழுதுகிறார்கள். பாட்ஸ்விக்கைச் சொன்னேன். ஹங்கேரியின் ரோலண்ட் சென்ட்பாலி நிறைய எழுதியிருக்கிறார். லண்டனின் தியோன் கிராஸ் நடன இசையின் அடிச்சுரத்தை வைத்துக்கொண்டு தன் குழுவையே டியூபாவைச் சுற்றிக் கட்டுகிறார். இவர்கள் கருவிக்கு எது வசதி என்று அறிந்து எழுதுகிறார்கள். கை போகிற வழியிலேயே கற்பனையும் போய்விடும் ஆபத்து அதில் இருக்கிறது. டியூபாவில் இது முடியாது என்று தெரியாத ஒருவர் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். பெண்டெரெட்ஸ்கி டியூபா வாசித்தவர் இல்லை.

ஆனால் தெரியாதவரைத் தனியாகவும் விட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன நல்ல படைப்புகள் பலவற்றுக்கும் பின்னால் ஃபிலிப்ஸோ போபோவோ பியெர்னிக்கோ இருக்கிறார். ஃபிரான்ஸின் எலியான் ராடிக் 'ஓக்கம்' வரிசையில் ஹேவர்டோடு சேர்ந்து உருவாக்கிய டியூபாப் படைப்புக்குத் தாளே கிடையாது, இருவரும் உட்கார்ந்து பேசி, கேட்டு, வாய்வழியாகவே முடித்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முதல் வரைவு வந்ததும் ஒரு வாசிப்பவர் நேரில் உட்கார்ந்து, இந்த இடத்தில் மூச்சு எங்கே, இந்தத் தாவல் எஃப் டியூபாவில் வரும் சி டியூபாவில் வராது என்று சொல்லும் இரண்டு மாலைகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. ஒரே ஆள் முழுத் தொகையும் போடாமல், பல நாட்டு டியூபாக்காரர்களும் இசைக் கல்லூரிகளும் பங்கு போட்டுக்கொண்டு ஒரு படைப்பை எழுதச் சொல்வது இப்போது சகஜம். பங்கு போட்ட ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் முதல் முறை வாசிக்கும் உரிமை பெறுவார்கள். இதில் ஒரு லாபம், படைப்பு பிறந்த வருஷமே இருபது முப்பது மேடை ஏறிவிடும். கான்செர்ட்டோவுக்கு வாய்க்காத பாக்கியம்.

இத்தனை பெயரில் ஒருவருக்குத்தான் வழி இருக்கிறது என்றால் நான் த்ரெட்கிலிடம்தான் போவேன். கேட்பது இவ்வளவு: துணையில்லாமல் எட்டிலிருந்து பத்து நிமிடம், முழுக்க எழுதப்பட்டது, சொந்தமாகக் கற்பனை செய்து வாசிக்கத் தெரியாத மாணவரும் எடுக்க முடிகிற மாதிரி. எஃப், சி இரண்டு டியூபாவிலும் சரிபார்க்க டாவிலாவைக் கூட உட்கார வைக்க வேண்டும். தாள்கள் முதல் நாளிலிருந்தே யாரும் வாங்கக்கூடியதாக வெளிவர வேண்டும். முதலில் வாசிப்பவருக்கு மட்டும் என்று இரண்டு மூன்று வருஷம் பூட்டி வைக்கிற வழக்கத்துக்கு இதில் இடம் கிடையாது.